நல்ல நேரத்துக்கு இன்னும் ஆறு நிமிஷம்

விரதக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். சாதாரணமாகப் பட்டினி கிடப்பவன் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பான், இவரோ பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே, அலுவலகத்தில் தேநீர் வரும்போது கையை உயர்த்தி, "எனக்கு வேண்டாம்ப்பா" என்று தடுத்து, யாராவது "ஏன் சார்?" என்று கேட்கும்வரை அந்தக் கையை இறக்காமல் வைத்திருப்பவர். யாரும் கேட்கவில்லை என்றால்? "ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்று அவரே கேட்டுவிடுவார். விரதம் மூன்று நாள் கழித்துத்தானே என்றால், "இப்பவே பழகிக்கறேன்" என்பார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு காகிதக் கிடங்கின் மேலாளர். கிடங்கில் அவருக்கு 'முகூர்த்தம்' என்று பட்டப்பெயர். நகம் வெட்ட நேரம், ஸ்கூட்டரைக் கிளப்ப நேரம், புதுப் பேனாவின் மூடியைத் திறக்க நேரம் என்று பார்ப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டவில்லை என்று ஊழியர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டியிருந்தது. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்த வருஷ விரதம் மனைவிக்காக. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை. "மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும்மா, தள்ளிப்போடவே கூடாது" என்று டாக்டர் சொன்ன அன்று மனிதர் ஆடிப்போய்விட்டார். நிஜமாகவே ஆடிப்போனார், அதில் கேலிக்கு இடமில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனம். அவள் இல்லாவிட்டால் தன் கைக்குட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே அவள் உடம்பு தேற, பண்டிகையன்று நல்ல நேரத்தில் பூஜை செய்வது, அதுவரை வீட்டில் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். 'யாரும்' என்றால் அவளும் சேர்த்துத்தான். எங்கேயோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? அவருக்குத் தோன்றவில்லை.

நேரத்தை அனுப்பியவர் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். "பூஜை நேரம் 11.48 முதல் 12.20 வரை. தவற விடாதே." அண்ணன் சொன்னால் மறு பேச்சு ஏது? பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்; அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய் வாசித்துக் காட்டிவிட்டு வந்தார்.

பண்டிகையும் வந்தது. எட்டு மணிக்கு அந்த அம்மாள் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போட்ட பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்து, பேசாமல் அடுப்படிக்குப் போனாள். விரதக்காரரும் விரதத்தைத் தொடங்கியிருந்தார். ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஏனென்றால் பால் கணக்கில் சேராது. எட்டரைக்கு இரண்டு வாழைப்பழம், ஏனென்றால் பழம் அடுப்பில் ஏறாதது. ஒன்பதரைக்கு ஒரு கைப்பிடி முந்திரி, அதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. "பூஜை பண்றவனுக்குத் தெம்பு வேணும். நீங்கள்லாம் சும்மாதானே இருக்கீங்க" என்றார். சும்மா இருந்தவர்களில் மகள் வீடு துடைத்துக்கொண்டிருந்தாள், மனைவி விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தேய்த்த விளக்கில் புதுத் திரி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அந்த அம்மாள் ஒரு தடவை ஏற்றினாள். சுடரைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கை தானாகக் குவிந்தது, கண் மூடியது. அவ்வளவுதான்.

"ஐயையோ! யாரைக் கேட்டு ஏத்தினே?" முந்திரி வாயோடு ஓடிவந்தார் விரதக்காரர். "மணி ஒன்பதரைதான் ஆகுது! குளிர வை, குளிர வை!"

ஒரு பூவால் சுடரைக் குளிர வைத்துவிட்டு அவள் மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

பதினொன்றரைக்குக் குளித்துவிட்டு வந்து, பலகை போட்டு உட்கார்ந்து, செல்போனை எதிரில் நிறுத்தி வைத்து நிமிஷத்தை எண்ணத் தொடங்கினார். அப்போது மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. நிக்க முடியலங்கறாங்க."

"நல்ல நாள்ல பக்தி முத்தினா அப்படித்தான் இருக்கும்."

"சர்க்கரை இறங்கிடுச்சுப்பா!" படையலுக்கு வைத்திருந்த இனிப்புப் பாலை நோக்கி அவள் கை நீண்டது.

"தொடாதே! சாமிக்கு வெச்சது. உங்கம்மாவுக்காகத்தானே இவ்வளவும்? இன்னும் ஆறே நிமிஷம்."

போன் அடித்தது. அண்ணன்.

"என்னடா, பூஜையெல்லாம் நல்லா நடந்துதா? நாங்க சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டாச்சு."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கேண்ணா."

"என்னது ஆறு நிமிஷம்? நான் அனுப்பினது எங்க ஊர் நேரம்டா! நீங்க ரெண்டரை மணி நேரம் பின்னாடி இல்ல? உங்களுக்கு ஒன்பதேகாலுக்கு வந்து, பத்து மணிக்கு முன்னாடியே போயிருக்குமே!"

மகள் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. பாலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

விரதக்காரர் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் தரையில் சுவரோடு சாய்ந்து, மகள் பிடித்திருந்த டம்ளரிலிருந்து மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பாதி டம்ளர் இறங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

"ஒன்பதரைக்கு நான் ஏத்தினேங்க. நீங்கதான் குளிர வைக்கச் சொன்னீங்க."

இப்போது அவர் கைதான் நடுங்கியது. அது பக்தி இல்லை, பயம் என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குடி" என்றார். அவள் குடித்தாள். அவர் கண் மெல்ல மெல்லச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் போனது.

"அங்க என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல... டாக்டர்கிட்ட எத்தனை மணிக்குக் கிளம்பினா நல்லதுன்னு..."

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த அம்மாள் ஒரு நேரம் குறித்தாள். "இப்ப."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைச் சாவகாசமாகப் படித்து முடிக்கட்டும் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சாப்பிடாமல் காத்திருக்கக்கூடும். சமையலறைப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.