பந்து எறியும் உத்தியோகம்

திண்டுக்கல்

அன்புள்ள மாப்பிள்ளை சடையாண்டிக்கு, மச்சான் பொன்னுத்துரை எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா நாகஜோதியும் உடம்பால் சுகம். மனதின் நிலைமையைக் கீழே விவரித்துள்ளேன். அமெரிக்காவில் நீயும் குடும்பமும் சுகமாயிருக்க அபிராமி அம்மனை வேண்டுகிறேன். போனில் பேசினால் உன் அக்கா பாதியிலேயே பிடுங்கி உன் பக்கம் பேசிவிடுவாள் என்பதால் இந்தக் கடிதம்.

என் மகன் பழனிக்குமார் படிப்பு முடிந்ததும் நம்ம டயர் கடையில் உட்காரட்டும் என்றுதான் இருந்தேன். "அவன் கை சாதாரணக் கையில்ல மச்சான், இங்க பேஸ்பால் டீமுக்கு ஆள் எடுக்குறாங்க" என்று கூட்டிக்கொண்டு போனது நீ. எடுத்தார்கள், சம்பளத்துக்கு ஆடுகிறான், சரி. இங்கே விசாரிக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? பேஸ்கட்பாலா என்கிறார்கள். இல்லை என்றால், கிரிக்கெட் மாதிரியா என்கிறார்கள். ஆமாம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, எந்த ஐபிஎல் டீம் என்று அவர் கேட்டதும் எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

போன ஞாயித்துக்கெழமை காலையில தொப்பம்பட்டியில இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பாக்க வந்தாங்க. பொண்ணோட அப்பா நாச்சிமுத்து, தென்னந்தோப்புக்காரர், மரியாதையான மனுசன். "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகமுங்க?"ன்னார். பந்து எறியறதுன்னேன். "எறிஞ்சு என்னங்க பண்றது?" எதிராளி அதை அடிச்சிரக் கூடாதுன்னேன். "நம்ம பையன் எப்பங்க அடிப்பாரு?" அவன் மட்டையத் தொடவே மாட்டான்னேன். "நெரந்தரமான வேலைங்களா?"ன்னார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள உன் அக்கா, இப்ப அங்க மேட்ச் நடக்குற நேரந்தான், நீங்களே பாத்துக்கங்கன்னு டிவியில போட்டுட்டா.

போட்டதும் என்ன தெரியுது, பந்து பிடிக்கிறவன் காலை விரிச்சுக் குந்திக்கிட்டு, தொடைக்கு நடுவுல வெரல விட்டு ஆட்டுறான். நம்ம பய அதை உத்துப் பாத்துத் தலையாட்டுறான். பொண்ணோட அம்மா முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. எந்தப் பந்து போடணும்னு சைகை காட்டுறாங்கன்னு நான் வெளக்கிக்கிட்டு இருக்கும்போதே நம்ம பய எதையோ மென்னு பொளிச்சுன்னு துப்புறான். "புகையிலைங்களா?" சூரியகாந்தி வெதைன்னேன், யாரு நம்புறா. அடுத்த பந்து நேரா எதிராளி விலாவுல போய் விழுந்துச்சு. அவன் மட்டைய வீசிட்டு ஓடியாரான், ரெண்டு டீமும் உள்ள எறங்கி, வத்தலக்குண்டுல கடைசி பஸ்ஸுக்கு ஏறுற மாதிரி ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிட்டாங்க. அடியில கெடந்தது நம்ம பிள்ளை. நாச்சிமுத்து காபிய கீழ வச்சுட்டு, "சாந்தமான பையன்னு சொன்னீங்களேங்க"ன்னார். அம்புட்டுத்தான். கும்புட்டுட்டுக் கெளம்பிட்டாங்க.

ஆகையால மாப்ள, எறிஞ்சது போதும். கடிதம் கண்டதும் அவனுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடு. இங்கே டயர் வாங்க வர்றவன் எவனும் மட்டைய வீசிட்டு ஓடியார மாட்டான். இது என் முடிவு.

தங்கச்சி சத்யபிரியாவைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மச்சான் பொன்னுத்துரை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பழனிக்குமார் போன்ல கூப்பிட்டான். "அப்பா, என்னைய ரிலீஸ் பண்ணிட்டாங்க"ன்னான். சண்டைக்காகப் பிடிச்சு வச்சிருந்து விட்டுட்டாங்க போலன்னு சந்தோஷப்பட்டேன். டீமை விட்டே எடுத்துட்டாங்களாம். சொல்லிட்டு அழுதான். எந்த மடையன்டா அவனை நீக்குனது? அந்த மடையனுக்குப் பந்துன்னா என்னன்னு தெரியுமா? மேலே எழுதினது எதையும் படிக்காத. டிக்கெட்டும் போடாத. அம்புட்டுப் பெரிய தேசத்துல வேற டீமே இல்லையா, லீவு போட்டுட்டு அவனைக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு எடத்துல கேளு. அந்த மூஞ்சியோட அவன் இங்க வந்து நின்னா என்னால பாக்க ஏலாது.