லைட் டூட்டி

"இன்னும் இறுக்கிக் கட்டு" என்றான் தாமோதரன்.

"ஒண்ணுமில்லாத கைய இதுக்கு மேல இன்னான்னு இறுக்கறது?" குணசுந்தரி பழைய வேட்டியைக் கிழித்துப் புருஷனின் வலது கையில் சுற்றினாள். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குப் பெங்களூரு ரயில் வரும் நேரம்.

பெங்களூரு கம்பெனியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ராஜினாமாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வெளியே அனுப்புவது, திங்கட்கிழமை அதே மிஷினில் புது ஆளாகச் சேர்ப்பது. சம்பளம் பாதி, சர்வீஸ் பூஜ்யம். கூட்டாளி வேந்தன் போன வாரம் அப்படிப் புது ஆளானான். கழுத்தில் மஞ்சள் அட்டை. கேன்டீனில் முட்டை கிடையாது.

கையெழுத்துப் போடாதவனைத் தொட முடியாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். மைன்ஸில் அடிபட்டவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், சுரங்க ஷாஃப்டுக்கு வெளியே லேசான வேலையாக லைட் டூட்டி கொடுப்பார்கள் என்று, அங்கே வேலை பார்த்துச் செத்துப்போன அப்பா சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்து யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டு.

கம்பெனி வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மிஷினைச் சுற்றிக் கும்பல். செக்யூரிட்டி இன்பராஜ் கட்டைப் பார்த்துப் பதறி, கும்பலை விலக்கி அவனை உள்ளே விட்டான்.

ஹெச்.ஆர். மமதா உச்சுக் கொட்டினாள். பரவாயில்லை, ராஜினாமாவுக்கு இடது கைரேகை போதும், நாளைக்கு மை வாங்கி வைக்கிறேன் என்றாள்.

மறுநாள் இடது கையிலும் கட்டு. குளிக்கும்போது வழுக்கிவிட்டது என்றான். அவள் நம்பவில்லை. ஆனால் திட்டவுமில்லை. ஆறும்வரை உட்கார்ந்து பெட்டிகளை எண்ணச் சொன்னாள்.

அப்பா பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவள் திட்டாதது அவனை அரித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினான். கேன்டீனில் வேந்தன்தான் ஊட்டினான்.

"வாயத் தொற. உனக்காச்சும் முட்ட கீதே."

"பாதி நீ துன்னு."

"வேணாம்பா. பார்த்தா அட்டையப் புடுங்கிடுவாங்க."

தாமோதரன் வாயைத் திறந்தான். கட்டுக்குள் விரல்கள் மரத்துவிட்டன. அவிழ்க்கப் பயம். ரயிலில் கண்ணசந்தபோது, யாரோ கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைப்பதாகக் கனவு கண்டு அலறினான். எதிரே சீட்டாடியவர்கள் சீட்டை எறிந்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

மாதம் முடிவதற்குள் மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசி நாளில் மமதா அவனைக் கூப்பிட்டாள். இனி உங்கள் கையெழுத்து தேவையில்லை என்று சொல்லி, ராஜினாமாக் காகிதத்தை அவன் முன்னாலேயே கிழித்துப் போட்டாள். அன்றைக்கு வீட்டில் கட்டை அவிழ்த்ததும் குணசுந்தரி இரண்டு முட்டை அவித்தாள்.

மறுநாள் காலை, வெளுத்துச் சுருங்கிய கட்டைவிரலை வாசல் மிஷினில் வைத்தான். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சிவப்பு.

இன்பராஜ் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். பிறகு மேஜையைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தான்.

"மாசம் பூரா வெரல் வெக்கலியே அண்ணா, நீங்களே வேலைய உட்டுட்டுப் போயிட்டதா இதுல கீது, பயப்படாதீங்க, புது ஆளா இன்னிக்கே சேத்துக்கச் சொல்லிட்டாங்க மேடம்."