டிரெய்லருக்குப் போன கரண்ட்

பன்னிரண்டாவது துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாயிற்று. இன்னும் எட்டு, வாளியில் கிடக்கிறது. எல்லாம் ஓபலுடையது. அவளுக்கு ஒன்பது மாதம். கடை டயப்பர் போட்டால் தொடையில் புண் வருகிறது, அதனால் துணிதான். வெந்நீரில் கை சிவந்து எரிகிறது. எரிச்சல் ஆறுகிறவரைக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு ஏரிக்கரையில். நவம்பர் பிறந்தால் ஏரிக்காற்று அனுமதி கேட்டுக்கொண்டெல்லாம் உள்ளே வராது. வீட்டு ஹீட்டர் போன மாதமே உயிரை விட்டது. சமையலறையில் சின்ன ஹீட்டர் ஒன்று வைத்தோம். அது தன்னை மட்டும் சூடாக வைத்துக்கொண்டது. ஓபலுக்கு இருமல் பிடித்தது. நர்ஸ் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். "இவளைக் கதகதப்பா வச்சுக்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரிதான்" என்றாள்.

எங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். மூன்று மாதம் இருந்தான். அவனும் இப்படித்தான் இருமினான்.

என் வீட்டுக்காரர் டெல்மரால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. ஓபல் இருமத் தொடங்கினால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு நாள் காலையில் காபிக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

"நான் டிரெய்லருக்குக் குடி போறேன்."

முற்றத்தில் நிற்கிறதே, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு, அதைச் சொல்கிறார். மான் வேட்டைக்குப் போனால் அதில்தான் படுப்பார்.

"அதுல கரண்ட் இல்லீங்களே?"

"இழுப்பேன். வீட்டுலேர்ந்து தனி லைன். தீப்பெட்டி அளவுதானே, பத்து நிமிஷத்துல சூடாயிரும்."

"அப்ப நானும் ஓபலும்..."

"உங்களுக்கென்ன? முழு வீடும் உங்களுக்குத்தான்!"

பெரிய மனசு. எனக்கு எதிர்த்துப் பேச வராது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். சரிங்க என்றேன்.

நாலு நாள் பள்ளம் தோண்டினார். தரை இறுகிக் கல்லாகியிருந்தது. கடப்பாரை வளைந்தது, அவரும் வளைந்தார். ஐந்தாம் நாள் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால் புது ஸ்விட்ச் வைக்க அதில் காலி இடமே இல்லை. தாடியைச் சொறிந்தார். பிறகு என் டிரையரைப் பார்த்தார். துணி காய வைக்க எனக்கு இருந்த ஒரே மெஷின் அது.

"இதோட கரண்டை எடுத்துக்கறேன்."

"அப்ப ஓபல் துணி எப்படிங்க காயும்?"

"அந்தக் காலத்துல எல்லாரும் டிரையரா வச்சிருந்தாங்க? கயித்துல போடு."

"எங்கேங்க கட்டுறது?"

"எங்க சூடு இருக்கோ அங்க கட்டு! இதையெல்லாமா ஒரு ஆம்பளை கிட்ட கேப்பாங்க?"

சொன்னதை மனசில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு வேறொரு பயம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று கோடைக்கு டிரெய்லர் முகாமில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். டிரையருக்கு இரண்டு பேஸ், அதாவது இரட்டைக் கரண்ட் போகும், டிரெய்லருக்கு ஒன்றுதான் போகணும். அங்கே ஒருத்தர் இரண்டையும் கொடுத்துவிட்டார். ஃப்ரிட்ஜ், ஹீட்டர், விளக்கு எல்லாம் ஒரே மூச்சில் கருகிப்போயின. நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. எங்கள் டிரெய்லரும் கருகினால் ஏரியின் இந்தப் பக்கத்தில் எனக்கு வேறு சூடான இடம் கிடையாது.

"ஏங்க, டிரெய்லருக்கு ஒரு பேஸ்தானே..."

"நீ என்ன எலக்ட்ரீஷியனா?"

"இல்லீங்க."

அவர் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்துக்குப் போனேன். அவருடைய டிவி இருக்கிறதே, என்னைவிட அகலம். அவர் தாத்தா கொடுத்த துப்பாக்கியை விற்று வாங்கியது. அதைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப்போய் டிரெய்லரில் மாட்டி, பிளக்கையும் சொருகினேன்.

அவர் ஸ்விட்சில் கை வைத்துவிட்டார்.

"என்னங்க, டிவியை அங்க மாட்டிட்டேன். நீங்க தட்டுனதும் முதல்ல அதுக்குத்தான் கரண்ட் போகும்."

கை அப்படியே நின்றது.

"நீ ஏதோ பேஸுன்னு சொன்னியே, அது என்ன?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் என்ன எலக்ட்ரீஷியனா?"

ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "அடுத்த வீட்டுக் கார்லாவைக் கூப்பிடு" என்றார்.

கார்லா அக்கா கம்பத்தில் ஏறி லைன் வேலை பார்க்கிறவள். டிரெய்லரின் ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"டெல்மர், இருநூத்தி நாப்பது வோல்ட் காட்டுது. டிரெய்லருக்கு அதுல பாதி போதும். என்ன, உள்ள மான் வறுக்கப் போறியா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

"எனக்குத் தெரியுது. உன் டிவிக்கும் தெரிஞ்சிருக்கும்" என்று ஸ்விட்சை மாற்றி, கம்பியைச் சரியாகக் கொடுத்து, என் கறிப்பணியாரம் இரண்டைத் தின்றுவிட்டுப் போனாள்.

டிரெய்லர் சூடானது. கண்ணாடியில் நீர் வழிகிற அளவுக்கு. டெல்மர் காலை நீட்டி டிவி பார்த்தார். அன்று சாயங்காலமே நான் கயிற்றோடு போனேன்.

"இது எதுக்கு?"

"எங்க சூடு இருக்கோ அங்க கட்டுன்னீங்களே."

இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று வரி கட்டினேன். இருபது துணி. டிவிக்கு முன்னால் ஐந்து, படுக்கைக்கு மேல் ஏழு. ஒன்று அவர் நெற்றியில் சொட்டியது.

"டெஸ்ஸா! வீட்டுல கட்டு!"

"மத்தியானமே கட்டிப் பார்த்தேங்க. பலகை மாதிரி விறைச்சுப் போச்சு. வேணும்னா டிரையருக்கே கரண்டைத் திருப்பிக் குடுத்துருங்க."

திருப்பிக் கொடுத்தால் டிவி இல்லை, சூடு இல்லை. துணியை ஒதுக்கிக்கொண்டு டிவி பார்த்தார். மறுநாள் ஓபலையும் கொண்டுபோனேன்.

"இவ எதுக்கு?"

"துணி மாத்த ஒவ்வொரு தடவையும் பனியில ஓட முடியலைங்க. கொஞ்ச நேரம்தான்."

கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. ஓபல் இருமினாள். அவர் சட்டையை மாட்டினார். மூன்றாம் நாள் போர்வை இரண்டைச் சுருட்டிக்கொண்டு, "வீட்டை ஆம்பளை இல்லாம விடக்கூடாது" என்று அறிவித்துவிட்டு அந்தக் குளிருக்குள்ளேயே திரும்பிப் போனார். ஆமாங்க என்றேன்.

நேற்று நர்ஸ் வந்தாள். குழாய் வைத்தாள். "பாதி குறைஞ்சிருக்கு" என்றாள். இது யாரோட யோசனை என்று கேட்டாள். இவர்தான் கரண்ட் இழுத்தார் என்று டெல்மரைக் காட்டினேன்.

"குளிர்ல நீங்க கிடந்து, குழந்தைக்கு இடம் விட்டிருக்கீங்களே! பனி கரையறவரைக்கும் இதே மாதிரி இருக்கட்டும்."

அவர் நெஞ்சை நிமிர்த்தி, "அதுக்குத்தானே தோண்டினேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. பனி கரைகிற ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம்.

பாதிதான் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இன்னும் அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. எனக்கு அதுதான் கணக்கு. ஆனால் இன்று காலையிலிருந்து அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. தூங்குகிறாள்.

மனுஷனுக்கு இப்போது அதுவும் பொறுக்கவில்லை. மணிக்கு ஒரு தடவை பனியை மிதித்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். இதோ மறுபடியும்.

"டெஸ்ஸா! சத்தமே கேக்கலையே. மூச்சு விடறாளா பாரு!"

விடுகிறாள். இங்கிருந்தே தெரிகிறது, போர்வை ஏறி இறங்குகிறது. இருந்தாலும் ஒரு தடவை எழுந்து போய் அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.