இரண்டாவது தடவை

முதல் 'நோ' தேநீருக்கு வந்தது.

குய்ஃபாங் கோப்பையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். சோபாவின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கேலம் மலர்ந்து சிரித்து, நெஞ்சில் கை வைத்து, "நோ, நோ, தேங்க் யூ" என்றான்.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே திரும்பிவிட்டாள். பின்னாலேயே ஓடி வந்தார் கணவர் தெங்.

"ஏன்டி, வீட்டுக்கு வந்த பையனுக்கு ஒரு வாய் டீ குடுக்காம எடுத்துட்டு வந்துட்டே?"

"இங்கிலீஷ் கிளாஸுக்குப் போனது நானா, நீங்களா?"

குடியிருப்பு மன்றத்தில் பெரியவர்களுக்காக நடக்கும் ஆங்கில வகுப்புக்கு இரண்டு மாதமாகப் போய்வருபவள் குய்ஃபாங்தான். 'நோ' என்ற ஒரே சொல்லுக்காக ஆசிரியை ஒரு வகுப்பு முழுவதையும் செலவழித்திருந்தாள். நம் ஊரில் வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் கெஞ்சு என்று அர்த்தம். வெள்ளைக்காரர்கள் நோ என்றால் நோதான். மறுபடி கேட்டால் மரியாதைக் குறைவு, மனம் கசந்துபோகும்.

இன்றைக்கு மட்டும் அவன் மனம் கசக்கக் கூடாது. மகள் ஜிங்யியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். கல்யாணத்துக்குப் பிறகு சீனாவில், இந்தச் சாங்ஷாவிலேயே இருப்பதா, அவனுடைய ஸ்காட்லாந்துக்குப் போய்விடுவதா என்று இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரே மகள். இந்த வீட்டுச் சாப்பாடு பிடித்துவிட்டால் இங்கேயே இருந்துவிடுவான் என்று குய்ஃபாங் மூன்று நாளாக அடுப்படியிலேயே கிடந்தாள்.

ஜிங்யி குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். இன்று பார்த்து யாரோ லீவு போட, வார்டை விட்டு வர முடியாமல் அவனை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டாள். தொலைபேசியும் அணைந்து கிடந்தது.

மேசையில் மிளகாய் மூடிய மீன் தலை வந்து அமர்ந்தது. வாசனையில் தெங்குக்குக் கண்ணே கலங்கியது. தலை விருந்தாளியைப் பார்க்கும்படி குய்ஃபாங் தட்டைத் திருப்பி வைத்தாள். கேலம் மீனைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான். பிறகு கையை ஆட்டி, "நோ, நோ" என்றான்.

மீன் சமையலறைக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே அவன் கண்களும் கதவு வரை போயின.

"பாத்தீங்களா, எப்படிப் பயந்து பாக்குறான்? காரம்!" என்று கிசுகிசுத்தாள் குய்ஃபாங்.

"எனக்குக் காரம் பயமில்லடி. எனக்காவது வைக்கலாம்ல?"

"விருந்தாளி தொடாத மீன் உங்களுக்கு எதுக்கு?"

அடுத்து, மிளகாயே இல்லாமல் முட்டையும் தக்காளியும் வதக்கிக் கொண்டுவந்தாள். அதற்கும் அதே சிரிப்பு, அதே நோ. ஒருவேளை குச்சியால் எடுத்துச் சாப்பிடத் தெரியாதோ? பக்கத்து வீட்டில் முள்கரண்டி வாங்கி வந்து பன்றி இறைச்சிக் குழம்போடு நீட்டினாள். "நோ, நோ, தேங்க் யூ." ரொட்டிதான் பழக்கமோ என்று தெங்கைப் பேக்கரிக்குத் துரத்தினாள். மூச்சிரைக்க அவர் கொண்டுவந்த ரொட்டிக்கும் அதே பதில்தான். இந்தத் தடவை சிரிப்பு மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

தெங் பொறுக்கவில்லை. அவ்வளவு பேரும் பட்டினி கிடக்க வேண்டுமா என்று ஒரு கிண்ணம் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். உறிஞ்சி, சப்பி, நாக்கைச் சுழற்றி அவர் சாப்பிடுவதை கேலம் வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

குய்ஃபாங் மேசைக்கடியில் கணவரின் காலை மிதித்தாள். "சத்தத்தைக் குறைங்க! அருவருத்துப் போய்ப் பாக்குறான்."

"அது அருவருப்பு இல்லடி. என் சின்ன வயசுல நானும் மிட்டாய்க் கடையை இப்படித்தான் பாப்பேன்."

"கிண்ணத்தைக் குடுங்க இங்க!"

பாதிச் சோற்றோடு அதுவும் உள்ளே போயிற்று. இப்போது மேசையில் ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் யாரோ ஒருவருடைய வயிறு நீளமாக உறுமியது.

"ஐயோ, வயிறு சரியில்ல போலிருக்கு! அதான் எதையும் தொடல," என்று கடைசியாக மீதமிருந்த பழத்தட்டையும் குய்ஃபாங் தூக்கிக்கொண்டாள். அவன் கையில் ஒரு டம்ளர் வெந்நீரை மட்டும் திணித்தாள்.

அதற்கு மட்டும் அவன் நோ சொல்லவில்லை. ஒரே மூச்சில் குடித்தான். பிறகு எழுந்து இருவரையும் வணங்கி, வெளியே காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கிப் போனான்.

போனவன் வரவில்லை.

சமையலறையில் வரிசையாக நின்ற கிண்ணங்களைப் பார்த்து குய்ஃபாங்குக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு. என் கைச் சோறு அவனுக்குப் பிடிக்கல. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவான். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை போன்ல மூஞ்சி பாக்க வேண்டியதுதான்."

"போன்ல தினமும் பாக்கலாம்டி."

"நீங்க பேசாதீங்க! எல்லாம் உங்க சப்புற சத்தம்."

"சரி, அழாதே. அவன் போனா போறான். நான் ஒருத்தன் உன் சோத்துக்கு அடிமையா முப்பது வருஷமா இருக்கேன்ல? அந்த மீனை எடு முதல்ல."

அப்போது கதவு தட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹூ, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

"குய்ஃபாங் அக்கா, உங்க மாப்பிள்ளை என் கடையில மூணாவது கிண்ணம் காலி பண்ணிட்டு இருக்காரு. ஜிங்யியும் வந்துட்டா, சிரிச்சுச் சிரிச்சுப் படியேற முடியாம உட்கார்ந்துட்டா."

"மூணு கிண்ணமா? வயிறு சரியில்லாதவனா?" என்றாள் குய்ஃபாங்.

"வயித்துக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. 'எங்க வீட்டுல சாப்பாடு குடுத்தா உடனே கை நீட்டாதே, முதல்ல வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை, அம்மா விடாம கெஞ்சிக் கெஞ்சித் தட்டுல வைப்பாங்க'ன்னு ஜிங்யி ஒரு மாசமாச் சொல்லிக் குடுத்து அனுப்புனாளாம். பாவம்கா, நீங்க எதையுமே ரெண்டாவது தடவை கேக்கவே இல்லையாமே!"