ஒரு வேட்டி மோர்மிளகாய்

சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. கடற்கரையிலை சும்மா படுத்திருக்கிறது.

சிரிக்காதேங்கோ. டொக்டர் தந்த வேலை.

அதுக்கு முதல் கிழமை என்ர பிறஷரை அளந்துபோட்டு அவ முகத்தைச் சுளிச்சா. "எங்கையாவது போய் மூண்டு நாள் ஒண்டும் செய்யாமல் இருங்கோ. திங்கக்கிழமை திரும்ப அளப்பம். இறங்காட்டில் ஒவ்வொரு நாளும் குளிசை விழுங்கவேண்டியதுதான்."

எனக்குக் குளிசை எண்டால் சரியான பயம். தொடங்கினால் பிறகு சாகும்வரைக்கும் விடேலாது எண்டு எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுவினம்.

என்ர மனிசன் உடனை லீவு போட்டார். நியூ பிரன்ஸ்விக் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலை மோட்டல் எடுத்தார். மொன்ட்ரியால்-நோரிலை இருந்து ஒன்பது மணித்தியால ஓட்டம்.

"இஞ்சேரும், மூண்டு நாளைக்கும் நீர் ஒரு துரும்பும் தூக்கக்குடாது. விளங்கிச்சோ?"

"ஓமப்பா."

பதினைஞ்சு வயசு மகள் அனுஷாவும் தன்ர பங்குக்கு, "அம்மா, ப்ளீஸ்! ஒரு ஷோவும் காட்டாதேங்கோ" எண்டாள்.

ஓம் எண்டுதான் சொன்னனான். ஆனால் கார் டிக்கியிலை, துவாயளுக்குக் கீழை, ஒரு வாளி மோர்மிளகாய் இருந்தது.

என்ன செய்யிறது? டொக்டரிட்டைப் போக முதலே மிளகாயைக் கீறி, உப்பும் தயிரும் போட்டு ஊறவைச்சிட்டன். பகலிலை வெயில் காயவேணும், பொழுதுபட்டால் திரும்பத் தயிருக்கை போகவேணும். மொன்ட்ரியாலிலை எண்டால் கிழமை முழுக்க மழை. விட்டிட்டு வந்தால் பூஞ்சணம் பிடிச்சிடும். அதை யோசிச்சாலே எனக்குப் பிறஷர் ஏறுது.

கடற்கரையிலை மனிசன் குடையை நட்டு, துவாயை விரிச்சு, என்னைப் படுக்க வைச்சார். "கண்ணை மூடும்" எண்டிட்டு மகளோடை கடலுக்கை இறங்கினார்.

மூடினன். மூடினாலும் வெயில் தெரியுது! அப்பிடி ஒரு வெயில்! இந்தச் சனங்கள் அதை முழுக்க முதுகிலை வாங்கி வீணாக்குதுகள். எனக்கு நெஞ்சு படபடத்துது.

ஆகவே டொக்டர் சொன்னதுக்காகத்தான் எழும்பினன்.

வாளியைக் காரிலை இருந்து தூக்கிவந்தன். பழசு எண்டு நினைச்சு நான் எடுத்துவந்த மனிசன்ர வேட்டியை மணலிலை விரிச்சு, மிளகாயை ஒவ்வொண்டாப் பரப்பினன். பக்கத்திலை பிரெஞ்சுக்கார மொசியூ ஒருத்தர் குப்புறப் படுத்திருந்தார். அவிச்ச நண்டு மாதிரிச் சிவந்த முதுகு. தலையைத் தூக்கிப் பாத்தார்.

"பொன்ஜூர் மடாம். இது என்ன?"

"மிளகாய்."

"ஏன் இஞ்சை?"

"வெயில் இருக்குத்தானே!"

மனுசன் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத் திரும்பப் படுத்திட்டார்.

அப்பதான் முதலாவது கடற்காகம் வந்து இறங்கிச்சு. ஒரு மிளகாயைக் கொத்தி விழுங்கிச்சு. நான் துரத்தேல்லை. நல்லா உறைக்கட்டும், ஓடியிடும் எண்டு பாத்தன்.

அது ரெண்டாவதையும் எடுத்துது!

பிறகு கத்திச்சுது பாருங்கோ, கலியாண வீட்டுப் பந்திக்குக் கூப்பிடுற மாதிரி. ஒரு நிமிசத்திலை நாப்பது, ஐம்பது வந்திட்டுது. நான் ஒரு கையிலை செருப்பு, மற்றக் கையிலை வாளி மூடி, "சூ! சூ!" எண்டு வேட்டியைச் சுத்தி ஓடுறன். ஒரு கள்ளக் காகம் வாய் நிறைய அள்ளிக்கொண்டு எழும்பிச்சு. பாரம் தாங்கேலாமல் விட்டுது.

நேரை மொசியூவின்ர முதுகிலை.

வெயிலிலை எரிஞ்ச தோல். அதிலை உப்பு, தயிர், கீறின மிளகாய். அந்த மனுசன் போட்ட சத்தம்! துள்ளி எழும்பி, முதுகைத் தேய்ச்சு, அதே கையாலை கண்ணையும் தேய்ச்சார். பிறகு "ஆ! ஆ!" எண்டு கத்திக்கொண்டு கடலுக்கை பாய்ஞ்சார். உப்புத் தண்ணி பட்ட உடனை இன்னும் கூடக் கத்தினார்.

கடலுக்கை நிண்ட ஆரோ ஒருத்தி "மெதூஸ்!" எண்டு கத்தினா. மெதூஸ் எண்டால் சொறிமுட்டை, ஜெல்லிமீன். தொட்டால் உடம்பெல்லாம் எரியும்.

அவ்வளவுதான். கரையிலை காவல் நிண்ட உயிர்காப்புப் பிள்ளை விசில் ஊதினா, சிவப்புக் கொடி ஏத்தினா. முழுச் சனமும் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வருது. அதுக்குள்ளை மனிசனும் மகளும்.

மனிசன் வந்து பாத்தார். "உது என்ர கோயில் வேட்டியெல்லோ?"

மகள் துவாயாலை தலையை மூடிக்கொண்டு, எங்களைத் தெரியாத மாதிரி பத்தடி தள்ளிப் போய் நிண்டாள்.

கடல் வெறிச்சோடிப் போச்சு. சின்னப் பிள்ளையள் அழுகுதுகள். சொல்லாமல் விட்டால் எல்லாற்றை லீவும் நாசம். சொன்னால் என்ர மானம் போகும். இதயம் காதுக்குள்ளை இடிக்குது. குளிசை நிச்சயம் எண்டு நினைச்சுக்கொண்டே போனன்.

"அது மெதூஸ் இல்லை. அது நான்."

உயிர்காப்புப் பிள்ளை என்னை மேலும் கீழும் பாத்தா. நான் ஒரு மிளகாயைத் தூக்கிக் காட்டி, காகங்களையும் காட்டினன். அவ என்ன நடந்தது எண்டு பதியிற படிவத்தை எடுத்தா. அதிலை சொறிமுட்டைக்கு ஒரு கட்டம் இருந்தது. மோர்மிளகாய்க்கு இல்லை.

கொடி இறங்கிச்சு. மொசியூ இன்னும் கண்ணைக் கசக்குறார். நான் கார்டெறி எண்ட பிள்ளையள் காப்பகத்திலை ரெண்டு வயசுப் பிள்ளையளைப் பாக்கிறனான். என்ர பிரெஞ்சு அதுகளோடை கதைச்சுப் படிச்ச பிரெஞ்சு. அவசரத்துக்கு அதுதான் வந்தது.

"இல்லையடா செல்லம், கண்ணைத் தொடக்குடாது! நல்ல பிள்ளையெல்லோ! கையைக் கழுவுவமா?"

அறுபது வயசு மனுசன் சத்தம் போடாமல் கையை நீட்டினார்.

என்ர மனிசனைத் தெப்பனேர்க் கடைக்கு ஓடவிட்டு, உப்பில்லாத குளிர்த் தயிர் எடுப்பிச்சன். கண்ணைத் தண்ணி விட்டுக் கழுவி, முதுகு முழுக்கத் தயிர் பூசினன். அது காய்ஞ்ச உடனை திரும்பவும் ஒருக்கால். "மெர்சி, மடாம்" எண்டிட்டு அந்த ஆள் நித்திரையாப் போனார். காகம் வந்தால் துரத்திறது, தயிர் காய்ஞ்சால் பூசிறது. உண்மையைச் சொன்னால், அந்த லீவிலை எனக்கு மனம் ஆறினது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போனம். என்ர கையிலை பட்டியைச் சுத்தி அளந்தா. முகம் மலர்ந்திட்டுது.

"அருமை! சொன்ன மாதிரிச் சும்மா இருந்திருக்கிறீங்கள்!"

பக்கத்திலை இருந்த மனிசன் ஒரு மாதிரிச் சிரிச்சார். டொக்டர் அவரின்ர முகத்தை உத்துப் பாத்தா. "நீங்களும் ஒருக்கால் கையைத் தாங்கோ" எண்டா.

அளந்தா. திரும்ப அளந்தா. மற்றக் கையிலையும் அளந்தா.

இப்ப அவருக்குக் காலமையிலை ஒண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. நான்தான் மறக்காமல் எடுத்துக் குடுக்கிறன்.