கோல்பேயின் கை

பன்னிரண்டாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. நரேஷ் சொல்லிக் கொடுத்தபடி தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேரும் கோலின் கிட்டக் கம்பத்தடியில் கூடி நிற்க, மூலையிலிருந்து அடித்த கோர்னர் பந்து அவர்களின் தலைக்கு மேலாகப் பறந்து, காவலே இல்லாத தூரக் கம்பத்தடியில் இறங்கியது. எதிரணிக்காரன் ஆறஅமர உள்ளே தள்ளினான்.

பயிற்சியாளர் பிராண்ட் திரும்பி பெஞ்சிலிருந்த நரேஷைப் பார்த்தார்.

நரேஷ் அந்த மூன்றாம் லீக் அணியின் வீடியோ ஆய்வாளன். எதிரணியில் கோர்னர் அடிக்கும் கோல்பே, ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு முன் கையைத் தூக்குவதை மூன்று வாரமாகப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தான். வலது கை கிட்டக் கம்பம், இடது கை தூரக் கம்பம். பத்துக்கு ஏழு தடவை சரியாக வந்தது. மிச்ச மூன்றும் ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிட்டான். ஜூனில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இது பலித்தால் இன்னும் இரண்டு வருடம் தருவதாக பிராண்ட் சொல்லியிருந்தார்.

"நாங்கள் கண்டுபிடித்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குறியைத் தலைகீழாக்கிவிட்டார்கள்" என்று பிராண்டின் காதில் விளக்கினான். செய்தி மைதானத்துக்குள் போனது.

அடுத்த கோர்னருக்கும் கோல்பே வலது கையைத்தான் தூக்கினான். ஐந்து பேரும் தூரக் கம்பத்துக்கு ஓடினார்கள். பந்து கிட்டக் கம்பத்தடிக்கு வந்தது. இரண்டாவது கோல்.

இடைவேளையில் அம்மா குணேஸ்வரி போனில் அழைத்தார்.

"தம்பி, ஏன் தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்? டீவியில உன்னைத்தான் காட்டுறாங்கள்."

"வேலையம்மா."

"பிராங்பேர்ட் பாங்க் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லையாம்."

நரேஷ் போனை வைத்துவிட்டு அணிக்குப் புது விதி சொன்னான். முதலில் தூக்கும் கை பொய், இரண்டாவதுதான் மெய். கோல்காப்பாளரும் கையையே கவனிக்க வேண்டும்.

அறுபதாவது நிமிடத்தில் கோல்பே வலது கையைத் தூக்கினான். பிறகு இடது. பிறகு இரண்டையும். இருவர் இங்கே ஓட, இருவர் அங்கே ஓட, ஐந்தாமவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோல்காப்பாளர் கைகளிலிருந்து கண்ணெடுப்பதற்குள் பந்து வளைந்து நேரே வலைக்குள் போயிருந்தது.

அதற்குப் பிறகு நரேஷ் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த மூன்று கோர்னர்களையும் தடுப்பாட்டக்காரர்கள் தலையால் முட்டி வெளியே அனுப்பினார்கள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நரேஷ் உட்பட.

ஆட்டம் முடிந்து, உடுப்பு மாற்றும் அறைகளுக்குப் போகும் நடையில் நின்று நரேஷ் போனில் அம்மாவிடம் தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது, எதிரணியின் மேற்சட்டை போட்ட ஒரு பெண் தமிழ் கேட்டுத் திரும்பினாள். பெயர் யதுசா, அந்த அணியின் பிசியோதெரபிஸ்ட். இரண்டொரு வார்த்தை பேசியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"தமிழாக்கள் எண்டபடியால் கேக்கிறன். குறியை எத்தினை தரம் மாத்தினனீங்கள்?"

"என்ன குறி?"

அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு இடது. பிறகு இரண்டையும்.

"அதுவோ அண்ணை? கோல்பேக்குத் தோள்மூட்டு நோவு. தோள் இறுகாமல் இருக்க, ஆட்டம் நிக்கிற நேரமெல்லாம் கையைத் தூக்கி இறக்கச் சொல்லி நான்தான் சொன்னனான்."