அக்காவின் பஸ்ஸும் என் கால்சட்டையும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் பையனும் மருமகளும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதையெல்லாம் முடிந்தது. இனி மானம் போன கதை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருப்பதாக இவள் சொன்னாள் அல்லவா, அது பொய். அந்த நேரத்தில் நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். உள்ளே போகும்போது சுலபமாகத்தான் போனேன். வெளியே வரப் பார்த்தால், சைலன்ஸரைத் தாங்கும் கம்பியில் என் பெல்ட் மாட்டிக்கொண்டது. கத்தினேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். பிடுங்குவது அவருக்குக் கைவந்த தொழில். நான் வந்துவிட்டேன். கால்சட்டை வரவில்லை. தெருவே பார்த்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரித்த சிரிப்பில் அவருக்கு வலி விட்டுப்போய், பல்லைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்த வருமான நஷ்டத்தை டாக்டர் இன்னும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்.

எந்த பஸ் என்று கேட்பாய். உன் பஸ்தான். நீ இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாயே, அதே மஞ்சள் வண்டி. பள்ளிக்கூடத்தில் புது வண்டிகள் வந்ததும் இதைப் பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விட்டார்கள். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மூக்கு அரித்தது, கையைத் தூக்கினேன், வண்டி என் தலையில் விழுந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். வேண்டுமென்றேதான் தூக்கினேன்.

காரணம் நீதான். கண் ஆபரேஷன் முடிந்து உன் பையன் வீட்டு ஒன்பதாவது மாடிக்குப் போனாய். கண் டாக்டரே "இனிமே தாராளமா வண்டி ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டார். இங்கே உன் வீட்டுக்குத் திரும்பி வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனில், "லிஃப்ட்ல ஏறி இறங்குறதே போதும்டா, இனிமே நான் எங்க போகப் போறேன்" என்றாய். அக்கா, எதிரே தண்ணீர் லாரி வந்தால்கூட "அவன் ஒதுங்கட்டும்" என்று சொல்லும் ஆள் நீ. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரமே உன் பையன் கூப்பிட்டு, "மாமா, அம்மாவோட வீட்ட விலைக்குப் பாக்க ஆளு வருது, சாவிய நீங்களே குடுத்துருங்க, அம்மாவுக்கும் சம்மதந்தான்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். மறுக்கும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது. அவர்கள் வருவது வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அதற்குள் இந்த வண்டியைச் சரிபண்ணி, அந்தக் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, நீ அடிப்பாயே, இரண்டு குட்டை ஒரு நீளம், அதே மாதிரி ஹாரன் அடிக்க வேண்டும் என்பது என் திட்டம். ஒன்பதாவது மாடியிலிருந்து நீ எட்டிப் பார்ப்பாய். பிறகு வீட்டை விற்பதைப் பற்றிப் பேச மாட்டாய். அவ்வளவுதான் யோசித்தேன். வண்டியைப் பழுதுபார்ப்பது எப்படி என்பதை யோசிக்கவில்லை. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்புக்கு மேல் கனமான எதையும் தூக்காத கை இது.

வண்டியை ஒரு லாரி இழுத்து வந்து, எங்கள் வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் காலி மனையில் விட்டது. இவள் வாசலில் நின்று முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு டீவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தத் தெரியாது உங்களுக்கு."

"கத்துக்குவேன்."

"அண்ணிக்காகன்னு சொல்றீங்க, சரி. என் தம்பிக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரச் சொன்னப்ப முதுகு வலின்னீங்களே."

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவு கையோடு வந்துவிட்டது.

முதல் வேலையாக ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாளி வாளியாகக் குடித்தது. பாவம், எவ்வளவு நாள் தாகமோ என்று நானும் பரிவோடு ஊற்றினேன். டாக்டர் வீட்டு வாசலில் நோயாளிகளின் செருப்புகள் மிதந்து போன பிறகுதான், அடியில் ஒரு குழாய் திறந்தே இருந்தது தெரிந்தது. அடுத்து பேட்டரி. சார்ஜ் ஏற்றி வந்து இணைத்ததும் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. எந்த ஸ்விட்சை அமுக்கினாலும் நிற்கவில்லை. விளக்கு எரிந்தது, கண்ணாடித் துடைப்பான் ஆடியது, அலறல் மட்டும் நிற்கவில்லை. இவள் சமையல் கத்தரிக்கோலோடு வந்து ஏதோ ஒரு வயரை வெட்டினாள், நின்றது. "இத்தன வருஷமா உங்க பேச்ச நிறுத்த ஒரு வயரு தேடுறேன், கிடைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு கிரீஸ் துப்பாக்கி. சக்கரத்துக்கு உள்ளே போக வேண்டியது கொடியில் காய்ந்த புடவையில் போய் இறங்கியது. அதைப்பற்றி விரிவாக எழுதினால் மறுபடி ஞாபகம் வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

ஆனாலும் அக்கா, வண்டியைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே கறுப்பாக ஒரு குமிழ் இருக்கிறது பார். முதல் நாள் அது குட்டையாக இருந்தது. இழுத்தால் விரல் நீளத்துக்கு வெளியே வந்து அப்படியே நின்றது. என் பையை மாட்ட அதைவிட வசதி வேறில்லை. ஸ்பானர், துண்டு, சாப்பாட்டு டப்பா, தொலையக் கூடாது என்று உன் வீட்டுச் சாவி, எல்லாம் அந்தப் பையில்தான். ஒருதரம் மாட்டியதுதான், சாயங்காலம்கூட எடுப்பதில்லை. அந்த வண்டியில் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அமுக்கினால் வண்டி இருமும், குலுங்கும், இதோ வந்துவிட்டேன் என்று ஆசை காட்டும், ஆனால் பிடிக்காது. இந்த ஊரில் டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒரே ஒருவர். அவர் பெயரே எனக்கு மறந்துவிட்டது, தெருவில் எல்லோரும் 'நாளைக்கு' என்றுதான் சொல்கிறார்கள். எப்போது கூப்பிட்டாலும் நாளைக்கு வருவார். போனில் மட்டும் தாராளமாக வைத்தியம் சொல்வார். "டீசல் லைன்ல காத்து இருக்கும் சார், காத்த எடுங்க" என்றார். டீசல் போகும் பாதையில் காற்றுக் குமிழி இருந்தால் எஞ்சின் பிடிக்காதாம். ஃபில்டர் மேலே ஒரு திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்னக் கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வந்தால் திருகை மூடலாம். நான் பம்பை அடித்தேன். திருகைப் பிடித்திருந்த பல் டாக்டர், நுரை நின்றதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அன்று அவரிடம் பல் காட்ட வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள்.

டாக்டர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைக்காதே. வண்டி அவருடைய போர்டை மறைத்துவிட்டது. முதல் வாரம் புது நோயாளி ஒருவரும் வரவில்லை. அதனால் ராத்திரி பகல் பார்க்காமல் எனக்கு உதவினார், பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குள் விட்டுப் பார்த்து, "இங்க ஒரு சொத்த இருக்கு" என்று சொல்வார். அடுத்த வாரம் நோயாளிகள் தாங்களாகவே பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஜன்னல் காற்று, மெத்தை சீட்டு. அதன்பிறகு டாக்டரின் வேகம் குறைந்துவிட்டது. "அவசரப்படாதீங்க, பழைய வண்டி, அதுக்கும் ஓய்வு வேணும்ல" என்கிறார்.

காற்றை எடுத்தும் வண்டி பிடிக்கவில்லை. ஃபில்டரை மாற்றினேன், பிடிக்கவில்லை. டாங்கைக் கழுவினேன், பிடிக்கவில்லை. மறுபடி 'நாளைக்கு'வைக் கூப்பிட்டேன்.

"ஃபில்டர் வரைக்கும் டீசல் வருதா சார்?"

"வருது."

"அதுக்கு மேல?"

"ஒரு சொட்டு இல்ல."

"ஸ்டாப் கேபிள் உள்ளதான இருக்கு?"

ஸ்டாப் கேபிள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆபீஸில் தெரியாத எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லித்தான் முப்பது வருஷம் ஓட்டினேன்.

"ஆமா, உள்ளதான் இருக்கு."

"அப்ப பம்பு போச்சு சார். கழட்டி டவுனுக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும். நாளைக்கு வந்து கழட்டுறேன்."

அன்றைக்குத்தான் பம்பை அடியிலிருந்து பார்க்கலாம் என்று போய், மேலே சொன்ன கால்சட்டை விவகாரம் நடந்தது.

அக்கா, தோற்றுவிட்டேன். இதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை இரும்புக்கடைக்காரரை வரச் சொல்லிவிட்டேன். உடைத்து எடுத்துப் போகட்டும். உன்னிடம் சொல்லாமலே முடித்திருக்கலாம். ஆனால் நேற்று சாயங்காலம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சீட்டில் நீ உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது, எனக்கு அது பொருந்தவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளை ஒட்டிய நட்சத்திரம், அடியில் கோணல் எழுத்தில் 'பஸ் அக்கா'. அதைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் சொல்லாமல் விட முடியவில்லை. உன் வீட்டுச் சாவியை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுகிறேன். சம்மதம் என்று உன் பையன் வாயால்தான் கேட்டேன், உன் வாயால் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போன் செய். இந்த முறை குளிக்கப் போக மாட்டேன்.

உன் பையன் நல்ல பிள்ளைதான், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மருமகளுக்கு என் அன்பு. நீ இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன், அங்கிருந்தே என் தலையில் ஒரு குட்டு வைத்து நன்றாக இரு என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
கிரீஸ் போகாத கையோடு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒன்று நடந்துவிட்டது. வண்டியில் மாட்டியிருந்த பை நாறுகிறது என்று இவள் துவைக்க எடுத்துப் போனாள். போகும்போது அந்தக் குமிழ் முட்டியில் இடித்ததாம், உள்ளே தள்ளிவிட்டாள். கடைசியாக ஒரு தரம் என்று நான் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். பிடித்துக்கொண்டது அக்கா. உன் வண்டியின் அதே கடகட சத்தம். டாக்டரின் நோயாளிகள் நாலு பேர் உள்ளே குலுங்கிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது புகையாகவும் இருக்கலாம். பிறகு சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன், அப்போதும் நிற்கவில்லை. பதறிப்போய் 'நாளைக்கு'வைக் கூப்பிட்டேன். "சாவிக்கு நிக்காது சார், ஸ்டாப் கேபிள் குமிழ இழுங்க, டீசல் கட்டாகி நின்னுரும்" என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கறுப்பாக, இழுத்தால் விரல் நீளத்துக்கு வரும் என்றார். வண்டி வந்த நாள் முதல் அதை இழுத்துவிட்டு என் பையை மாட்டியிருந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. இவளிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இரும்புக்கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உன் வீட்டுச் சாவியை ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, உன் பையனுக்கு நான் முதல் தடவையாக மறுப்புச் சொல்லிக்கொள்கிறேன். பஸ்ஸோடு உன் வாசலுக்கு வருவதாகச் சொன்னதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சரி, இத யாரு ஓட்டிட்டுப் போகப் போறா?" என்று கேட்டாள். நீ ரயிலிலேயே வந்துவிடு அக்கா. எனக்கு இருப்பது ஸ்கூட்டர் லைசென்ஸ்.